வெளியே சாப்பிடுபவர்

நாட்டின் மானம் கப்பலேறிய செய்தி லிஃப்ட்காரருக்கு நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் தெரியவந்தது.

“போச்சுய்யா. எல்லாம் போச்சு,” என்றார் இயக்குநர், லிஃப்ட் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு.

பக்கத்தில் துணை இயக்குநர், காய்ச்சல் கண்ட குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறவர் மாதிரி, ஒரு கோப்புக்கட்டை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தார். “கடைசிக்கு முந்தின இடம் சார்,” என்றார் மெல்ல.

“கடைசி யாரு?”

“எரிமலை வெடிச்சுதே, அந்த நாடு சார். அங்க இப்ப ஓட்டலே கிடையாது.”

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். லிஃப்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டார். என்ன போயிற்று என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் பெரியவர்கள் வெட்கப்படும் இடத்தில் நாம் நிமிர்ந்து நிற்பது மரியாதை இல்லை என்று நினைக்கிற மனிதர் அவர்.

அந்தக் கட்டடத்தின் நாலாவது மாடியிலிருந்து ஏழாவது மாடி வரை இருந்தது உணவுச் செலவு ஒப்பீட்டு ஆணையம். ஒரு மனிதன் வயிறாரச் சாப்பிட எந்த நாட்டில் எவ்வளவு ஆகிறது என்று கண்டறிந்து, நாடுகளை வரிசையில் நிறுத்தி, அந்த வரிசையில் நம் நாட்டுக்கு நல்ல இடமாகப் பார்த்து உட்கார வைப்பது அதன் வேலை. இதற்காக அதிகாரிகள் வருடா வருடம் கடல் கடந்து போவார்கள். ஊர் ஊராக, ஓட்டல் ஓட்டலாக நுழைந்து, பட்டியலின் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நாட்டுக்காகச் சாப்பிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு பில்லோடு திரும்புவார்கள். ‘எட்டுப் பேர் மட்டும்’ என்று லிஃப்டில் எழுதியிருந்தது. பயணத்துக்கு முன்னால் எட்டுப் பேர் தாராளமாக ஏறுவார்கள். பயணம் முடிந்த பிறகு ஆறாவது ஆள் காலை வைக்கும்போதே மணி அடித்துவிடும். உலகத்தில் சாப்பாடு எப்படி இருக்கிறது என்பதை லிஃப்ட்காரர் அந்த மணியோசையை வைத்துத்தான் தெரிந்துகொண்டிருந்தார்.

சொந்த நாட்டில் சாப்பிட்டுப் பார்க்க அதிகாரிகளுக்கு நேரம் இருந்ததில்லை, பசியும் இருந்ததில்லை. அதனால் ஆறாவது மாடியில் இருக்கும் ஆணையத்தின் சொந்த கேண்டீனில் என்ன விலையோ, அதையே நாட்டின் விலை என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கேண்டீனில் எல்லாமே கொள்ளை மலிவு. இந்த வருடம் எங்கிருந்தோ ஒரு தணிக்கைக்காரர் வந்து, “இங்கே பொதுமக்கள் சாப்பிடலாமா?” என்று கேண்டீன் காவலாளியிடம் கேட்டுவிட்டார். காவலாளி கடமை தவறாதவர். “பொதுமக்களா? யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?” என்று தணிக்கைக்காரரையே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார். கேண்டீன் விலை தள்ளுபடி ஆயிற்று. மானம் கப்பலேறியது அப்படித்தான்.

லிஃப்ட்காரருக்கும் அந்த கேண்டீனில் இடம் கிடையாது. அவர் ஒப்பந்த ஊழியர். மனைவி கட்டிக்கொடுக்கும் டப்பாவை முன்பெல்லாம் லிஃப்டுக்குள் ஸ்டூலில் உட்கார்ந்தே முடித்துவிடுவார். ஒரு நாள் வெங்காய வாசனை ஏழாவது மாடி வரை ஏறிப் போய்விட்டது. ‘மின்தூக்கியில் எவ்வித மணமும் எழுப்பலாகாது’ என்று மறுநாளே சுற்றறிக்கை வந்தது. அன்றிலிருந்து மதியத்தில் லிஃப்டை நிறுத்திவிட்டு, தெருவைக் கடந்து, எதிரே பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள சிமெண்ட் பெஞ்சில் போய் உட்காருவார். பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டப்பாவை மடியில் மறைத்துக்கொண்டு, அவசர அவசரமாகச் சாப்பிடுவார். யார் கண்ணிலாவது பட்டால் இரண்டு காதும் சிவந்துவிடும்.

துணை இயக்குநர் கண்ணில்தான் பட்டார். ஏழாவது மாடி ஜன்னலில் நின்று, நாட்டை நினைத்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது பட்டார். லிஃப்ட் ஓடாத நேரம். மனிதர் படியில் இறங்கி, மூச்சு வாங்க, பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றார்.

“என்னய்யா பண்றே?”

லிஃப்ட்காரர் வாயில் கவளத்தோடு எழுந்து நின்றார். “சாப்பிடறேன் சார். இதோ முடிஞ்சுது.”

“மேல கேண்டீன் இருக்கே?”

“எனக்கு அனுமதி இல்ல சார். லிஃப்ட்லயும் சாப்பிடக் கூடாதுன்னுட்டீங்க. அதான் வெளியே சாப்பிடறேன்.”

“என்ன சொன்னே?”

“தப்பா எதுவும் சொல்லல சார்.”

“கடைசியா ஒண்ணு சொன்னியே.”

“வெளியே சாப்பிடறேன்னேன் சார்.”

துணை இயக்குநர் பெஞ்சின் மறுமுனையில் மெல்ல உட்கார்ந்தார். ஆணையத்தில் அவர் வரையறைப் பிரிவுக்கும், வெளியே சாப்பிடும் செலவைக் கணக்கிடும் பிரிவுக்கும் தலைவர். ‘கவளம்’ என்றால் என்ன, ‘ஏப்பம்’ எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது என்றெல்லாம் விளக்கி எழுதியவர் அவர்தான். “தினமுமா?” என்று கேட்டார்.

“மழை இல்லாத நாள்ல சார்.”

“வெளியே சாப்பிட உனக்கு எவ்வளவு ஆகுது?”

லிஃப்ட்காரர் பெஞ்சைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். “ஒண்ணும் ஆகாது சார். நகராட்சி பெஞ்சு.”

துணை இயக்குநர் அவருடைய எச்சில் கையையே பிடித்துக் குலுக்கிவிட்டு, படிகளில் இரண்டிரண்டாகத் தாவி ஏறிப் போனார்.

மறுநாள் லிஃப்டில் ஒரு சண்டை நடந்தது. வீட்டுச் சாப்பாட்டுப் பிரிவின் தலைவி கீழ்த் தளத்திலேயே தொடங்கிவிட்டார். “அந்த டப்பாவுல இருக்கறது சும்மாவா வந்துச்சு? அதை என் கணக்குல தள்ளிவிடப் பாக்கறீங்களா? என் பிரிவு இப்பதான் ரெண்டு இடம் முன்னேறியிருக்கு!”

“வீட்டுல சமைச்சதுதானே மேடம்?” என்றார் துணை இயக்குநர்.

“சமைச்சா ஆச்சா? வீட்டுல உட்கார்ந்து சாப்பிட்டாதான் வீட்டுச் சாப்பாடு. அந்த ஆளு வீட்டுலயா சாப்பிட்டாரு?”

“வெளியேதான் சாப்பிட்டாரு. ஆனா வெளியே வாங்கலையே மேடம். வாங்கினாதானே எனக்குச் செலவு?”

இரண்டாவது மாடியில் இருவரும் யோசித்தார்கள்.

“அப்ப அது உங்க கணக்குலயும் வராது, என் கணக்குலயும் வராது,” என்றார் தலைவி.

“வராது.”

“ரெண்டுலயும் வராத சாப்பாடு இருக்கறதா அர்த்தமா?”

“இல்லைன்னுதான் மேடம் அர்த்தம்.”

மூன்றாவது மாடிக்குள் சமாதானம் ஆகிவிட்டது. இருவருடைய முழங்கைக்கும் பக்கத்தில், கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்த டப்பாவை லிஃப்ட்காரர் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். இன்னும் சூடாகத்தான் இருந்தது.

அந்த வருடத்துத் திருத்திய பட்டியலில், வெளியே சாப்பிட உலகத்திலேயே மிக மலிவான நாடு என்று நம் நாடு முதல் இடத்துக்கு வந்தது. இரண்டாவது வந்த நாட்டுக்கும் நமக்கும் நடுவில் ஒரு பாலைவனமே கிடந்தது.

பெஞ்சுக்கு முன்னால் கூட்டம் நடந்தது. இயக்குநர் பேசினார்.

“மற்ற நாட்டுக்காரன் வெளியே சாப்பிட வேண்டுமென்றால் அவனுக்கு மேசை வேண்டும், நாற்காலி வேண்டும், விளக்கு வேண்டும், குனிந்து கேட்க ஓர் ஆள் வேண்டும். நம் குடிமகனுக்கு என்ன வேண்டும்? வெளி ஒன்றுதான் வேண்டும்! அதை அவனுக்கு ஏராளமாக விட்டு வைத்திருக்கிறோம். இந்த மனிதரை வெளியே அனுப்பியது யார்? நாம்! கேண்டீன் கதவைச் சாத்தியது யார்? நாம்! லிஃப்டிலிருந்தும் விரட்டியது யார்? அதுவும் நாமே! ஒரு மனிதனை வெளியே சாப்பிட வைக்க ஓர் ஆணையம் இதைவிட வேறென்ன செய்ய முடியும் என்று கேட்கிறேன்!”

கைதட்டல் பஸ் சத்தத்தையும் மீறிக் கேட்டது. லிஃப்ட்காரரும் தட்டினார். தட்டாமல் இருந்தால் தெரிந்துவிடும் என்று பயமாக இருந்தது.

பெஞ்சைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது. ‘வெளியே உண்ணும் இடம்’ என்று பலகை வந்தது. மழையிலும் சாப்பிடுவதற்காக ஒரு குடை வந்தது. பஸ்ஸுக்கு முதுகைக் காட்டி உட்காருவது நாட்டுக்கு முதுகைக் காட்டுவதாகும் என்பதால் திரும்பி உட்காரச் சொன்னார்கள். பொரித்தது எதுவும் டப்பாவில் இருக்கக் கூடாது, பார்க்க ஆடம்பரமாக இருக்கும் என்றும், மெல்லும்போது முகத்தில் ஒரு திருப்தி தெரிய வேண்டும் என்றும் சுற்றறிக்கை வந்தது. வெளிநாட்டுக் குழுக்கள் வேலிக்கு அப்பால் நின்று படம் எடுத்தார்கள். யாரும் பார்க்காமல் சாப்பிட ஓர் இடம் தேடிப் போன மனிதர், பார்ப்பதற்காகவே போடப்பட்ட இடத்தில் உட்கார்ந்து, எதை மென்றோம் என்றே தெரியாமல் விழுங்கிக்கொண்டிருந்தார்.

“சார், நான் பழையபடி ஓரமா எங்கயாவது…” என்று ஒரு நாள் லிஃப்டில் இழுத்தார்.

இயக்குநர் அன்பாகத் தோளில் கை வைத்தார். “லிஃப்டுக்கு எதுக்குய்யா ஆளு, பட்டன் இருக்கேன்னு ஒரு கோப்பு வந்திருக்கு. நான்தான் அதைக் கீழ போட்டு அமுக்கி உட்கார்ந்திருக்கேன். நான் எழுந்திருக்கணுமா, சொல்லு.”

“வேண்டாம் சார். உட்காருங்க சார்.”

வீட்டில் விஷயம் வேறு மாதிரி போய்ச் சேர்ந்திருந்தது. பேப்பரில் லிஃப்ட்காரரின் முகத்தை மட்டும் போட்டு, ‘தினமும் வெளியே சாப்பிடுபவர்’ என்று எழுதியிருந்தார்கள். மகளின் வகுப்பில் டீச்சர் அதை உரக்கப் படித்தாராம். பத்து வயதுப் பெண். அன்று சாயங்காலம் அப்பா செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடி வந்தாள்.

“அப்பா, அங்க மேசை மேல வெள்ளைத் துணி விரிச்சிருப்பாங்களா?”

லிஃப்ட்காரர் செருப்பையே பார்த்தார். “ம்.”

“தண்ணிய நாமளே ஊத்திக்கணுமா, அவங்க ஊத்துவாங்களா?”

“அவங்கதான்.”

“நீ மட்டும் தினமும் போற. எங்கள ஒரு தடவையாவது கூட்டிட்டுப் போகக் கூடாதா? எல்லாரும் கேக்கறாங்க, நீ என்ன சாப்பிட்டேன்னு. நான் என்ன சொல்லட்டும்?”

“கூட்டிட்டுப் போறேன் கண்ணு. கண்டிப்பா.”

மகள் தூங்கிய பிறகு, மனைவி சட்டைப் பட்டன்களைத் தைத்துக்கொண்டே சொன்னாள். துணி ஆலையில் பட்டன் தைப்பவள் அவள். மிச்ச வேலையை வீட்டுக்கும் எடுத்து வருவாள். “நான் கட்டிக் குடுக்கற டப்பாவுக்கு வெள்ளைத் துணி வேற விரிக்கறாங்களா? பரவாயில்லையே.”

“குழந்தை கேட்டா என்னத்தச் சொல்றது?”

“வாய்க்கு வந்ததச் சொல்லிட்டீங்க. இனி காலால நடந்து கூட்டிட்டுப் போகணும், அவ்வளவுதான்,” என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் ஓட்டல்களின் வாசலில் தொங்கும் விலைப் பட்டியலைப் படித்துப் பார்க்கத் தொடங்கினார். படித்துவிட்டு, யாரையோ தேடி வந்தவர் மாதிரி உள்ளே எட்டிப் பார்த்து, அந்த ஆள் இல்லை என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவார். உலகத்திலேயே மலிவான நாட்டில் அவருக்குக் கட்டுப்படியாகும் ஓட்டல் ஒன்று கூட அகப்படவில்லை.

அப்படியிருக்கையில்தான் இயக்குநர் ஒரு நாள் லிஃப்டில் ஏறியதும் சொன்னார்: “ஞாயிற்றுக்கிழமை மதியம் முதலிட விழா. பல நாட்டுக்காரங்க வர்றாங்க. நீ குடும்பத்தோட வந்துடு. வெளியே சாப்பாடு.” சொல்லிவிட்டு, ஆற்றங்கரைச் சாலையில் இருக்கும், சுவரெல்லாம் கண்ணாடியான அந்தப் பெரிய ஓட்டலின் பெயரையும் சொன்னார். லிஃப்ட்காரர் அன்று நாலாவது மாடியில் நிறுத்த மறந்து, லிஃப்டை ஏழாவது மாடிக்கே கொண்டுபோய்விட்டார்.

வீடு திருவிழாக் கோலம் பூண்டது. மகள் இரண்டு சீப்புகளை எடுத்துக்கொண்டு, கத்தியும் முள்கரண்டியுமாகப் பாவித்து ரொட்டியை அறுத்துப் பழகினாள். கைக்குட்டையை உதறி மடியில் விரிப்பதைக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். ஞாயிறு காலை மனைவி அடுப்பையே பற்றவைக்கவில்லை. “வெளியே சாப்பிடற அன்னைக்கும் நான் எதுக்கு வேகணும்?” என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நெடுநாள் ஆகியிருந்தது. காலையில் பால் கொடுத்தபோது மகள் வேண்டாம் என்றுவிட்டாள். வயிற்றில் இடம் வேண்டுமாம்.

ஓட்டல் வாசலில் சீருடை போட்ட ஆள் கதவைத் திறக்கக் கை வைத்தான். அதற்குள் துணை இயக்குநர் ஓடி வந்துவிட்டார். “வாங்க, வாங்க. இந்தப் பக்கம்.” கட்டடத்தைச் சுற்றி அழைத்துப் போனார்.

“அப்பா, கதவு அங்க இருக்கு,” என்றாள் மகள்.

நடைபாதையில், கண்ணாடிச் சுவரைப் பார்த்தபடி, அந்தச் சிமெண்ட் பெஞ்சு போடப்பட்டிருந்தது. வேரோடு பெயர்த்து லாரியில் கொண்டுவந்திருந்தார்கள். கண்ணாடிக்கு உள்ளே நீள நீளமான மேசைகள், வெள்ளைத் துணிகள், பல நாட்டு முகங்கள். ஒவ்வொருவருக்கும் யாரோ தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

“உட்காருங்க. டப்பா எங்க?” என்றார் துணை இயக்குநர்.

“எந்த டப்பா சார்?”

“உன் டப்பாதான்யா.”

“வெளியே சாப்பாடுன்னு இயக்குநர் சொன்னாரே சார்…”

“நானும் அதைத்தானே சொல்றேன்.”

மனைவி முன்னால் வந்தாள். “சார், வீட்டுல அடுப்பே பத்தவைக்கலைங்க. காலையிலேருந்து குழந்தை ஒண்ணும் சாப்பிடல.”

துணை இயக்குநரின் முகம் வெளிறியது. உள்ளே ஒலிபெருக்கியில் இயக்குநர் பேசத் தொடங்கியிருந்தார். “இதோ, உங்கள் கண்முன்னே…” என்ற குரல் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. துணை இயக்குநர் பாய்ந்து போய், தன் கார் டிரைவரின் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். டிரைவர் சாப்பிட்டுவிட்டுக் கழுவி வைத்திருந்தது. மூடியைத் திறந்தால், உள்ளே இரண்டு சொட்டுத் தண்ணீர்.

“சார், காலியா இருக்கு. உள்ளேயிருந்து ஏதாவது கொஞ்சம், குழந்தைக்கு மட்டும்…”

“உள்ளேயிருந்து வந்தா பில் வரும்யா. பில் வந்தா செலவு. செலவுன்னு ஒண்ணு வந்தா முதல் இடம் போச்சு, நாடு போச்சு.” பிறகு, நோயாளிக்கு எடுத்துச் சொல்லும் டாக்டரைப் போலக் குரலைத் தாழ்த்தினார். “இத்தனை நாளா உன் டப்பாவுல இருந்தது எங்க கணக்குல என்னைக்காவது வந்திருக்கா? வரல இல்ல? அப்ப இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? பழக்கப்பட்ட கைதானே. சும்மா எடுத்து வாயில வை. அந்த லிஃப்ட் கோப்பு ஞாபகம் இருக்கட்டும்.”

கண்ணாடிக்கு உள்ளே நாற்காலிகள் எல்லாம் வெளிப்பக்கம் திரும்பின.

திரும்பிப் போயிருக்கலாம். மனைவியின் கையையும் மகளின் கையையும் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தால் ஆறு, ஆற்றைக் கடந்தால் வீடு. லிஃப்ட்காரர் பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். காலி டப்பாவுக்குள் விரல்களை விட்டு, ஒன்றுமில்லாததைப் பிசைந்து, ஒன்றுமில்லாததை உருட்டி, வாயில் போட்டு மென்றார். முகத்தில் திருப்தி தெரிய வேண்டும் என்பதும் அவருக்கு நினைவிருந்தது.

மனைவி சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மகள் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே பார்த்தாள். வெள்ளைத் துணியைப் பார்த்தாள். பிறகு மறுபடி அப்பாவைப் பார்த்தாள். அவள் அழப்போகிறாள் என்று அவர் நினைத்தார். கேள்வி கேட்பாள் என்று நினைத்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, உதறி, மடியில் விரித்துக்கொண்டாள்.

“எனக்கும் குடுப்பா.”

“என்னங்க, அவளுக்கு வேண்டாங்க,” என்றாள் மனைவி, திரும்பாமலே.

அவர் டப்பாவை நீட்டினார்.

மகள் சின்னச் சின்னக் கவளமாக எடுத்தாள். வாயை மூடி மென்றாள். உள்ளே கைதட்டினார்கள். ஒரு வெளிநாட்டு அம்மையார் நாப்கினோடு எழுந்து வெளியே வந்து, தன் மொழியில் ஏதோ கேட்டார். “எப்படி இருக்குன்னு கேக்கறாங்க,” என்றார் துணை இயக்குநர்.

“நல்லா இருக்கு,” என்றாள் மகள். கொஞ்சம் யோசித்தாள். “உப்புதான் கொஞ்சம் கம்மி.”

சுற்றியிருந்த அதிகாரிகள் எல்லாரும் மனம் விட்டுச் சிரித்தார்கள். ‘தரம்: நன்று’ என்று துணை இயக்குநர் குறித்துக்கொண்டார்.

விழா முடிந்ததும் மூவரும் நடந்தே வீட்டுக்குத் திரும்பினார்கள். வெயில் தலையைப் பிளந்தது. பாலத்தில் ஏறி இறங்கினார்கள். மனைவி நாலடி முன்னாலேயே போய்க்கொண்டிருந்தாள். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஓட்டல் திறந்திருந்தது. எண்ணெயில் ஏதோ பொரியும் வாசனை தெருவுக்கே வந்தது. மகளின் நடை ஒரு கணம் தயங்கியதை, அவள் விரல்களைப் பிடித்திருந்த கையில் அவர் உணர்ந்தார். வாசலில் விலைப் பட்டியல் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் ஏற்கெனவே படித்திருந்தார்.

“கண்ணு,” என்றார். “இங்க ஏதாவது சாப்பிடறியா?”

மகள் பட்டியலைப் பார்த்தாள். அப்பாவின் சட்டைப் பையைப் பார்த்தாள்.

“வேணாம்பா. வயிறு நெறஞ்சிருச்சு.”

லிஃப்ட்காரருக்கு முதலில் வந்தது நிம்மதிதான். வெட்கம் அதற்கு அப்புறம்தான் வந்தது.